காலனி ஸ்டாப்பிங்

ஜோகன்னஸ்பர்க்
6.9.1999

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மணிமாறன் எழுதுவது. நான், அஸ்வினி, குழந்தை யாழினி மூவரும் நலம். தாங்களும் மாமாவும் தமிழ்ச்செல்வியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தமிழ்ச்செல்விக்கு மாப்பிள்ளை அமைந்த செய்தி அறிந்து மிக்க மகிழ்ச்சி. தை மாதம் கல்யாணம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். கல்யாணத்தை விழுப்புரத்தில் ஏதாவது நல்ல மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம், செலவு என் பொறுப்பு. வீட்டு வாசலில் பந்தல் போட்டால் வருகிறவர்களுக்கு வசதிப்படாது. அஸ்வினி வீட்டார் விஷயம் தங்களுக்குத் தெரியும். நாம் எந்த இடம் என்பது தெரியாமல் எட்டு வருடமாகக் காப்பாற்றி வருகிறேன். தெரிந்தால் என் குடும்பம் நிலைக்காது.

இங்கே குளிர் விட்டுவிட்டது. வரும் சனிக்கிழமை கம்பெனியிலிருந்து எங்களை டவுன்ஷிப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். அங்கேயே வசிக்கும் ஒருவர் சுற்றிக் காட்டுவாராம். போய்வந்து எழுதுகிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
மணிமாறன்


காலனி, பிரம்மதேசம் ரோடு,
திண்டிவனம்
25.9.1999

அருமைத் தம்பி மணிமாறனுக்கு,

அக்கா செந்தாமரை ஆசையா எழுதறது. இங்க நாங்க எல்லாரும் சௌக்கியம். மாமாவுக்கு மட்டும் முட்டி வலி, கழனியில மல்லாட்டைச் செடி புடுங்கப் போயி ரெண்டு நாளா படுத்துக்கினு இருக்காரு.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன். எப்பலேர்ந்துடா நான் உனக்கு 'தாங்கள்' ஆனேன்? உனக்கு மூக்கு ஒழுவறப்போ என் பாவாடையில தொடச்சி விட்டவ நான். வா அக்கா, போ அக்கான்னு இருந்தவன் ப்ளேன் ஏறினதும் தாங்கள், தங்களுக்குன்னு எழுதறே. மரியாதை மாதிரி தெரியல எனக்கு, கதவை ஒருக்களிச்சு சாத்தற மாதிரி இருக்குது.

லெட்டர் எதுக்கு, பூத்துலேர்ந்து போன் பண்ணுன்னு போன தடவை சொன்னே. பண்ணினா நீ அந்தப் பக்கம் 'ம்', 'அப்படியா', 'சரி பாக்கலாம்'னு இன்சூரன்ஸ்காரன்கிட்ட பேசற மாதிரி பேசறே. பக்கத்துல ஆள் இருக்குன்னு புரியுது. லெட்டர்ல 'ம்' போட முடியாது இல்ல, அதான் எழுதறேன்.

டவுன்ஷிப்புக்குப் போறேன்னு எழுதினியே, அதைப் படிச்சதும் வயிறு குளுந்து போச்சு. அப்பா நெய்வேலிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போயி வந்து கதை கதையா சொல்லுவாரே, ஞாபகம் இருக்குதா? வரிசையா குவாட்டர்ஸ், ரெண்டு பக்கமும் மரம், வீட்டுக்குள்ளயே குழாய், பசங்க ஆட பார்க்கு. டவுன்ஷிப்புல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா போதும்னு சொல்லுவாரு பாவம். உனக்கு அங்க வீடு குடுக்கத்தான் கூட்டிக்கினு போயி காட்டறாங்கன்னு காலனி பூரா சொல்லிட்டேன். எதிர்வீட்டு ராஜாமணி மாரியம்மனுக்குக் கற்பூரமே ஏத்திட்டா.

இப்ப கல்யாண விஷயம். மண்டபம் வேணாம். கோயிலுக்கு எதிர்ல பந்தல், அதுதான் முடிவு. மாப்பிள்ளை வீடும் காலனிதான். அவங்களுக்கு வசதிப்படும், எங்களுக்கும் வசதிப்படும். உனக்கு வசதிப்படலைன்னா 'வருகிறவர்களுக்கு'ன்னு எழுதாதே, 'எனக்கு'ன்னு நேரா எழுது.

எனக்குக் கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன். தாய்மாமன் கைபுடிச்சுக் கூட்டியாந்து மணையில உக்கார வெச்சு மொத மாலை போட்டாத்தான் எம்பொண்ணுக்குக் கல்யாணம். இதுவரைக்கும் நீ சொன்னதெல்லாம் கேட்டாச்சு. உன் மாமனார் வீட்டுப் பக்கம் வராதேன்னே, வரல. போன தடவை லாட்ஜுக்கு வான்னே, கேரியர்ல கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கினு விழுப்புரம் வந்தேன். நாத்தம் அடிக்கும்னு ஜன்னலைத் தொறந்து வெச்சே. உன் பொண்ணை அஞ்சு நிமிஷம் ரூமுக்குக் கூட்டியாந்து காட்டினே. இது யாருப்பான்னு அது கேட்டுச்சு. ஊர்லேர்ந்து வந்திருக்காங்கன்னு சொன்னே. அத்தைன்னு சொல்ல உனக்கு வாய் வரல. பஸ்ஸுல வர்றப்போ வழி பூரா அழுதுக்கினு வந்தேன், பக்கத்து சீட்டுப் பொம்பளை ஏதோ சாவுன்னு நெனச்சுக்கினா.

அஸ்வினி வந்தா தண்ணி குடுக்கணும்னு அம்மா வாங்கி வெச்ச எவர்சில்வர் சொம்பு காகிதம் பிரிக்காம பரண்ல கெடக்குது. அம்மா போயே மூணு வருஷம் ஆவுது. இந்தத் தடவையாவது அவளையும் பாப்பாவையும் கூட்டிக்கினு வீட்டுக்கு வா.

உன் அக்கா,
செந்தாமரை


ஜோகன்னஸ்பர்க்
18.10.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு தவறைத் திருத்த வேண்டும். இங்கே டவுன்ஷிப் என்றால் நெய்வேலி மாதிரி இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே தனியாகக் குடிவைத்த இடம். வேலைக்கு மட்டும் நகரத்துக்குள் வரலாம், பிறகு திரும்பிவிட வேண்டும். அப்படி இருந்தார்கள். அங்கே எனக்கு வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று தயவுசெய்து இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நாங்கள் போனது சொவெட்டோ. வழிகாட்டியின் பெயர் தெம்பா. அங்கேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல பேச்சு. வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, "இனிமேல் நடந்துதான் வர வேண்டும். கண்ணாடிக்குள் இருந்து பார்க்க இது மிருகக்காட்சிசாலை இல்லை" என்றார். செங்கல் வீடுகளும் இருக்கின்றன, அவற்றைத் தாண்டினால் தகரக் குடிசைகள். தெருவுக்கு ஒரு குழாய். நிலக்கரி அடுப்புப் புகை. யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியும் கூட வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் எதைப் பார்த்தாலும் எடுத்துக்கொண்டே வந்தார்கள், பார்க்க அருவருப்பாக இருந்தது.

ஒரு அம்மாள் தன் வீட்டுக்குள் கூப்பிட்டாள். ஒரே அறை. கட்டிலில் உட்காரச் சொன்னாள். சோளத்தில் காய்ச்சிய புளித்த பானம் ஒரு சுரைக்குடுக்கையில் வந்தது. எல்லோரும் அதே குடுக்கையில் வாய்வைத்துக் குடித்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் விருந்து முறை. அஸ்வினி இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். நானும் குடித்தேன். மறக்க முடியாத அனுபவம். அந்தத் தெருக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கும் போட்டோ இத்துடன் உள்ளது.

உண்மையைச் சொன்னால், அந்த மக்களிடம் முன்னேற வேண்டும் என்ற எண்ணமே குறைவு. பட்டப்பகலில் வாசலில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். தெம்பா போல ஒருவர் இருவர்தான் விதிவிலக்கு. கடைசியில் அவர் தன் அம்மாவின் வீட்டைக் காட்டினார். பிறகு ஒவ்வொருவரிடமும் உங்கள் நாட்டில் இப்படி இடம் உண்டா என்று கேட்டார். அதையெல்லாம் சட்டம் போட்டு எப்போதோ ஒழித்துவிட்டோம், இப்போது கிடையாது என்றேன். வெளிநாட்டில் நம் நாட்டின் பெயர் கெடக் கூடாது அல்லவா.

மண்டபம் பற்றி மறுபடியும் யோசிக்கவும்.

தங்கள் அன்புத் தம்பி,
மணிமாறன்


காலனி, பிரம்மதேசம் ரோடு,
திண்டிவனம்
10.11.1999

தம்பி மணிமாறனுக்கு,

அக்கா எழுதறது. 'அருமை'யை இந்தத் தடவை விட்டுட்டேன், கவனிச்சிருப்பே.

டிக்கெட்டு வாங்கி, வேன் வெச்சு, கேமரா மாட்டிக்கினு நீ காலனி பாக்கப் போயிருக்கே. அடப் பைத்தியக்காரா, அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? பொறந்த வீட்டு வாசல்ல நின்னு கண்ணைத் தொறந்திருந்தா போதாதா? தகரக் குடிசைங்கறே, தெருக்குழாய்ங்கறே, பொகைங்கறே. காலனிங்கற ஒரு வார்த்தை மட்டும் உன் பேனாவுல எறங்கல. தனியாகக் குடிவைத்த இடமாம். நம்மளை எங்க குடி வெச்சாங்களாம், கோபுர வாசல்லயா?

ராஜாமணிக்குப் படிச்சுக் காட்டினேன். ஏத்தின கற்பூரத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுன்னு சிரிக்கறா. எனக்குச் சிரிப்பு வரல, காறித் துப்பணும் போல இருந்துச்சு.

யாரோ பேர் ஊர் தெரியாத அம்மா, ஒரு குடுக்கையைக் குடுத்தா வாய் வெச்சுக் குடிச்சீங்க. அந்தம்மா மனசு நெறஞ்சிருக்கும், அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா எட்டு வருஷத்துல நம்ம வீட்டுத் தண்ணி ஒரு முழுங்கு உன் பொண்டாட்டி தொண்டையில எறங்குச்சா? எங்கம்மா சாகற வரைக்கும் அந்தப் பரணையே பாத்துக்கினு படுத்திருந்தா. அந்தம்மா கட்டில்ல உக்காந்தீங்களே, நம்ம வீட்டுக் கட்டில்ல முள்ளா மொளச்சிருக்குது? நீயே அம்மா சாவுக்கு வந்தப்போ அடக்கம் முடிஞ்ச கையோட லாட்ஜுக்கு ஓடினவன்தானே. உன்னை நெனச்சா எனக்குக் கேவலமா இருக்குதுடா.

அப்புறம் என்னவோ எழுதியிருக்கே, முன்னேற வேண்டும் என்ற எண்ணமே குறைவுன்னு. இது உன் வார்த்தை இல்ல. நம்ம அப்பாவைப் பாத்து ஊர்த்தெரு ஆளுங்க சொன்ன வார்த்தை. கடல் தாண்டிப் போறவன் வேற எதையாவது மூட்டை கட்டிக்கினு போயிருக்கக் கூடாதா? மழை நாள்ல வேலை இல்லன்னா அப்பாவும்தான் வாசல்ல உக்காந்து சீட்டாடினாரு. அந்தச் சீட்டு ஆடினவருதான் உன்னைப் படிக்க வெச்சாரு.

அந்தத் தெம்பா மனுசன். ஊரான் ஊரானைக் கூட்டியாந்து இது எங்கம்மா வீடுன்னு கைகாட்டறான். நீ காலேஜு படிக்கறப்போ என்ன பண்ணே? நம்ம ஸ்டாப்பிங்குக்கு முந்தின ஊர் ஸ்டாப்பிங்ல எறங்கி, வெயில்ல கழனி வழியா நடந்து வருவே. ஏண்டா இப்படி வேர்த்துக்கினு வர்றேன்னு அம்மா கேட்டா, பஸ்ஸு நிக்கலைம்பே. கூடப் படிக்கற பசங்க காதுல விழற மாதிரி கண்டக்டர்கிட்ட 'காலனி ஸ்டாப்பிங்'னு கேக்க உனக்கு நாக்கு வரல. அது எனக்கு அப்பவே தெரியும். சின்னப் பையன், போவப் போவ சரியாயிடும்னு விட்டுட்டேன்.

இப்ப டூர்தான் புடிக்குதுன்னா சொல்லு, நானும் நடத்தறேன். நாந்தான் கைடு, இங்கயே பொறந்து வளந்தவ, நல்லாவே பேசுவேன். திண்டிவனம் பஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறணும். எறங்கினதும் மொதல்ல வர்றது நம்ம சுடுகாட்டுப் பாதை, மழை பேஞ்சா முட்டியளவு சேறு, சாவு எடுத்துக்கினு அதுலதான் போறோம். அந்தப் பக்கம் தார் ரோடு இருக்குது, ஆனா அது ஊர்த்தெரு வழியா போவுது, பொணத்துக்கு அனுமதி இல்ல. சட்டம் போட்டு ஒழிச்சிட்டோம்னியே, அந்த எடத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கோ. அப்புறம் நான் வேலை பாக்கற பால்வாடி. பசங்க இருக்கும், எதையாவது தூக்கி இடுப்புல வெச்சுக்கினு நில்லு, உனக்குத்தான் நல்லா வருதே. கடைசியா நம்ம வீடு. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். ஜன்னல் ஒண்ணுதான், அதைத் தொறந்தே வெச்சிருக்கேன்.

தை பதினாலு முகூர்த்தம். கோவத்துல எழுதறேன், ஆனா கூப்படறது நெசம். வாடா.

உள்ளூர் கைடு,
செந்தாமரை


ஜோகன்னஸ்பர்க்
5.12.1999

செந்தாமரை அக்காவுக்கு,

உங்கள் கடிதம் படித்தேன். பால்வாடிக் குழந்தைகளை அதட்டுவது போல் என்னை அதட்ட வேண்டாம். நான் யார் தயவிலும் இந்த இடத்துக்கு வரவில்லை. ராஜாமணி போன்றவர்களிடம் என் கடிதங்களைப் படித்துக் காட்டிச் சிரிப்பது எந்த நாகரிகத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை. சேற்றில் இருப்பவர்களுக்கு வெளியேறியவனைக் கண்டால் ஆத்திரம் வருவது இயல்புதான்.

தை மாதம் எனக்கு விடுமுறை கிடைக்காது. அஸ்வினியும் யாழினியும் இந்த மாதக் கடைசியில் விழுப்புரம் வந்து அவள் அப்பா வீட்டில் தங்குகிறார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தாய்மாமன் புடவையை ஆள் மூலம் அனுப்புகிறேன், விலை உயர்ந்தது, பார்த்து வாங்கிக்கொள்ளவும். மாலை போட மாமா வழியில் யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள். சடங்குதானே.

மணிமாறன்


காலனி, பிரம்மதேசம் ரோடு,
திண்டிவனம்
2.2.2000

மணிமாறனுக்கு,

தமிழ்ச்செல்வி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. புள்ளை கழுத்து நெறைய மாலையோட பாக்க அம்மா மாதிரியே இருந்தா.

அந்தப் பக்கம் போவாதேன்னு எழுதியிருந்தே. போனேன். சொந்தத் தம்பி பொண்டாட்டிக்குப் பத்திரிகையைத் தபால்ல அனுப்ப அவ என்ன கரண்ட் ஆபீஸா? தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சுக்கினு நானும் மாமாவும் விழுப்புரம் போனோம். தைரியமா போனேன்னு நெனைக்காதே. உன் வாழ்க்கையை என் கையாலயே கெடுத்துடுவேனோன்னு பயந்துக்கினேதான் போனேன். தெரிஞ்சவங்க வீட்டுக் கல்யாணம்னு சொல்லி வாசல்லயே குடுத்துட்டு ஜல்தியா திரும்பிடலாம்னு மாமாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்.

கதவைத் தொறந்தது உன் மாமனாரு கோதண்டபாணி. ஒரு நிமிஷம் என் மூஞ்சியைப் பாத்தாரு. மணிமாறன் ஜாடை அப்படியே இருக்குதே, அக்காவா, காலனியிலேர்ந்தா வர்றீங்கன்னு கேட்டாரு.

அவங்களுக்குத் தெரியும்டா. மொதல்லேர்ந்தே தெரியும். அஸ்வினி அவங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் உன்னைக் கட்டியிருக்கா. ரிஜிஸ்தர் ஆபீசுல உனக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டதே அந்த மனுசன்தானாமே. எங்ககிட்ட சிநேகிதங்கதான் போட்டாங்கன்னு சொன்னே. தெரிஞ்சா என் குடும்பம் போயிடும், குடும்பம் போயிடும்னு எட்டு வருஷம் என்னைத் தள்ளி நிக்க வெச்சே. நானும் முட்டாள் மாதிரி லாட்ஜு வாசல்ல கேரியரோட நின்னேன்.

அவகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கேன்னு கேட்டப்போதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. வேற ஜாதிப் பொண்ணு எங்கக்காவுக்கு ஆவாது, படியேத்த மாட்டா, வாய் வேற மோசம்னு சொல்லியிருக்கே. நானாடா? அம்மாவும் நானும் உன் பொண்டாட்டி பேரைச் சொல்லிச் சொல்லி சொம்பு வாங்கி வெச்சோம். அவ அங்க, எங்களுக்குத்தான் அவ வேணாம்னு நெனச்சு அழுதிருக்கா. ரெண்டு பொம்பளைங்களை ரெண்டு பக்கம் நிக்க வெச்சு நடுவுல நீ சொகமா இருந்திருக்கே. பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்கினு இருந்தேன். பயந்தாங்கொள்ளியா இருந்தா பாவம்னு விட்டுடலாம்.

அந்த டூரைப் பத்தியும் சொன்னா. உங்க நாட்டுல இப்படி உண்டான்னு அந்த ஆளு கேட்டு, நீ கிடையாதுன்னதும் அவளுக்குத் தலை நிமிர முடியலையாம். வேன்ல வர்றப்போ ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டிருக்கா. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கினியாம்.

"அந்தாளு அவங்கம்மா வீட்டை எல்லாருக்கும் காட்டினாரு அண்ணி. இவரு எனக்கே காட்டல."

இப்படிச் சொன்னா. நானும் அவளும் கட்டிப் புடிச்சுக்கினு அழுதோம்.

கல்யாணத்துக்குக் கார் வெச்சுத் தர்றேன்னு அவங்கப்பா சொல்லியும் கேக்காம, பாப்பாவைக் கூட்டிக்கினு பஸ்ஸுலயே வந்தா. வந்து எறங்கின வேர்வையோட வீட்டுக்குள்ள நொழைஞ்சா. புது சொம்பை எடுக்கணும்னு நான் பரண்ல ஏறி காகிதத்தைப் பிரிக்கறதுக்குள்ள, தாகம் அண்ணின்னு சொல்லி குடத்துல கெடந்த பழைய சொம்பால அவளே மொண்டு குடிச்சிட்டா. வாயோரம் வழிஞ்சதை முந்தானையில தொடச்சுக்கினா. நான் பரண் மேலயே உக்காந்துக்கினு பாத்தேன். அம்மா இருந்திருக்கணும்.

பாப்பா என்னை ஒரு மாதிரி பாத்துக்கினே இருந்துச்சு. நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்கதானேன்னு கேட்டுச்சு. இல்லடி கண்ணு, நீதான் ஊர்லேர்ந்து வந்திருக்கே, நான் உன் அத்தைன்னேன். அப்புறம் நாள் பூரா அத்தை அத்தைன்னு என் பின்னாடியே திரிஞ்சுது.

யாரையாவது நிறுத்திக்கச் சொன்னியே, நிறுத்தினேன். அஸ்வினிதான் தமிழ்ச்செல்வி கையைப் புடிச்சுக் கூட்டியாந்து மணையில உக்கார வெச்சு மொத மாலை போட்டா. மாமன் எங்க, பொம்பளை போடறது என்ன வழக்கம்னு பச்சைமுத்து சித்தப்பா எழுந்து நின்னாரு. மாமன் டூர் போயிருக்கான், உக்காருங்கன்னேன். பந்தலே சிரிச்சுது. சித்தப்பா உக்காந்துட்டாரு. நீ அனுப்பின புடவையை எம்பொண்ணு கட்டல, பெட்டியோட இருக்குது, அஸ்வினி ஊருக்குத் திரும்பறப்போ குடுத்தனுப்பறேன்.

இனிமே நான் லெட்டர் போடறதா இருந்தா அவளுக்குத்தான் போடுவேன். உனக்கு இது ஒண்ணுதான் கடைசி. பிரிச்ச சொம்பை மறுபடியும் காகிதத்துல சுத்தி பரண்லயே வெச்சிட்டேன். புது சொம்பு வெளியாளுங்களுக்குத்தான் குடுக்கறது, அவ வெளியாள் இல்லன்னு ஆயிடுச்சு. என்னைக்காவது நீ வந்தா, அதுல உனக்குத் தண்ணி தர்றேன்.

வர்றதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. பாலம் வேலை நடக்குதுன்னு ஊர் ஸ்டாப்பிங்கை எடுத்துட்டாங்க. பஸ்ஸு இப்ப ஒரு எடத்துலதான் நிக்குது. அஸ்வினி, பஸ்ஸு ரொம்பி வழியற கூட்டத்துல, காலனி ஸ்டாப்பிங் ஒரு முழு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டுன்னு சத்தமா கேட்டு வாங்கியிருக்கா, பாப்பா வந்து சொல்லுச்சு. நீயும் அப்படித்தான் கேக்கணும். வாயைத் தொறந்து பேர் சொன்னாத்தான் கண்டக்டர் டிக்கெட்டு கிழிப்பாரு.

இப்படிக்கு,
யாழினியின் அத்தை
செந்தாமரை